கையெழுத்து இருக்கிறது

தென்காசி வரைக்கும் போகிறீர்கள், இல்லையா அக்கா? நீங்கள் டிக்கெட் வாங்கும்போது காதில் விழுந்தது. அப்படியென்றால் சரி. ராஜபாளையத்தில் இறங்குகிறவர் என்றால் இதைச் சொல்ல மாட்டேன்.

எந்த ஊர், எங்கே வேலை, கல்யாணம் ஆகிவிட்டதா என்று நீங்கள் கேட்டதற்கெல்லாம் உடனுக்குடன் பதில் சொன்னேன். ‘அம்மா என்ன பண்றாங்க?’ என்று கேட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீங்களும் என்னவோ நினைத்துக்கொண்டு, ‘மன்னிச்சிக்கம்மா, தெரியாமக் கேட்டுட்டேன்’ என்று சொல்லிவிட்டீர்கள். அம்மா இருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். இன்றைக்கு அவளுக்குப் பகல் டியூட்டி, நான் போய்ச் சேர்வதற்குள் வீட்டுக்கு வந்திருப்பாள். உயிரோடு இருப்பவளை இல்லை என்று நினைத்துக்கொண்டு நீங்கள் தென்காசி போய்ச் சேரக் கூடாது. எனக்குத் தப்பான தகவல் பிடிக்காது. என் சிக்கலே அதுதான்.

என் பெயர் மாரீஸ்வரி. ஆபீஸில் ஈஸ்வரி. மதுரையில் ஒரு கலை அறக்கட்டளையில் ஒருங்கிணைப்பாளர். பெயர்தான் பெரிதாக இருக்கும். கூத்து, பொம்மலாட்டம், கச்சேரி என்று வருகிறவர்களுக்கு வேன் பிடிப்பது, அரங்கத்துக்குத் தேதி போடுவது, மைக் செட்காரர் வந்தாரா என்று பார்ப்பது, முடிந்ததும் அறிக்கை எழுதுவது. ‘நிகழ்வு சிறப்பாக நடைபெற்றது. இருநூறு பயனாளிகள் கலந்துகொண்டனர்.’ நான்கு வருடமாக நான் எழுதிய எழுத்து இவ்வளவுதான். அதில் ஒரு எண்ணிக்கை தவறியதில்லை. நூற்றுத் தொண்ணூறு பேர் வந்திருந்தால் நூற்றுத் தொண்ணூறு என்றுதான் எழுதுவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒப்புதல் படிவம். அது நான் கொண்டுவந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒரு பொம்மலாட்டக்காரரின் படத்தை, அவரைக் கேட்காமல் காலண்டரில் போட்டுவிட்டார்கள். அவர் அரங்கத்து வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு, ‘எம் மூஞ்சிய வித்துட்டீங்களேய்யா’ என்று கத்தினார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அது. அன்றைக்கே உட்கார்ந்து ஒரு படிவம் தயாரித்தேன். ஆறு வரி. எளிய தமிழ். ‘என்னைப் பற்றிய எழுத்தையும் படத்தையும் வெளியிட முழு மனதோடு சம்மதிக்கிறேன்.’ வெறுமனே நீட்டிக் கையெழுத்து வாங்க மாட்டேன். படித்தவரோ படிக்காதவரோ, ஆறு வரியையும் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். ‘புரிஞ்சுதாங்கய்யா?’ என்று கேட்ட பிறகுதான் பேனாவையே கொடுப்பேன். ஒரு தவில்காரர் நான் வாசித்து முடிப்பதற்குள் தூங்கிவிட்டார். எழுப்பி, மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். ஆபீஸில் இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள்.

நான் அப்படிப்பட்டவள். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் நல்லது என்று நினைக்கிறேன்.

போன வருடம் எங்கள் நிர்வாகி வசுந்தரா மேடம் ஒரு வேலையைக் கையில் எடுத்தார். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் புற்றுநோய் வைத்தியத்துக்காகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற அம்மாக்கள் ராத்திரி நடைபாதையில்தான் படுக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு தங்குமிடம் கட்ட நிதி திரட்டுவது. வழக்கம்போல ஒரு கச்சேரி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். அரங்கத்துக் கூரையில் வேலை நடந்துகொண்டிருந்ததால் முடியவில்லை.

“கச்சேரி வேண்டாம்,” என்றார் மேடம். “நாம எழுதுவோம். இருபத்தொரு நாள், தினம் ஒரு கடிதம். நம்ம இணையப் பக்கத்துல வரும், வாட்ஸ்அப்ல போகும். படிக்கிறவங்க மனசு இருந்தா கொடுக்கட்டும். ஈஸ்வரி எழுதுவா.”

நானா? எழுதப் பயம். வேண்டாம் என்று சொல்லவும் பயம். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். யாராவது ஒரு வேலையைக் கொடுத்தால், தெரியாது என்று சொன்னால் கொடுத்த நாற்காலியைத் திரும்ப வாங்கிவிடுவார்களோ என்று இன்னமும் தோன்றும்.

முதல் கடிதம் அரங்கத்து நாற்காலிகளைப் பற்றி. இரண்டாவது, கலைஞர்களின் வேன் பயணம். மூன்றாவது ஞாபகமில்லை. யாரும் படிக்கவில்லை. படித்தவர்கள் கும்பிடும் கை ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விட்டார்கள்.

மேடம் என்னைக் கூப்பிட்டார். “ஈஸ்வரி, எல்லாம் சரியா இருக்கு. ஆனா இதுல நீ எங்கே?”

“நான் எதுக்கு மேடம்? நிதி அந்த அம்மாக்களுக்குத்தானே?”

“வேலைக்கு விண்ணப்பம் போடறப்ப ஒரு வரி எழுதியிருந்தே. ஞாபகம் இருக்கா? ‘ஆஸ்பத்திரி ஆயாவின் மகள், முதல் தலைமுறைப் பட்டதாரி.’ அந்த வரியப் பார்த்துதான் உன்னக் கூப்பிட்டேன். அத எழுது.”

அன்றைக்கு ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து எழுதினேன். என் அம்மா பேச்சியம்மாள் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. அப்பா இறந்த வருடம் சேர்ந்தாள். நான் மதுரையில் கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பெயரையும் பெற்றோர் வேலையையும் சொல்லச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேங்க் மேனேஜர், எஞ்சினியர், ஜவுளிக்கடை. என் முறை வந்ததும், ‘அம்மா நர்ஸ்’ என்றேன். யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை, வாயில் வந்துவிட்டது. மூன்று வருடமும் அதையே காப்பாற்றினேன். அந்த வெட்கத்தை எழுதினேன். பொய் சொன்னதற்காக வெட்கப்படுகிறேன் என்று எழுதினேன். என் பொய் கல்லூரி வாசலோடு முடிந்தது, இனி இல்லை என்று முடித்தேன்.

நடுவில் ஒரு பத்தி, அம்மாவின் புடவை பற்றி. அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ்களுக்கு வெள்ளை. ஆயாக்களுக்குக் கத்திரிப்பூ நிறம், கறுப்புக் கரை. ஊரில் எல்லோருக்கும் தெரியும். இப்போது இருக்கிற வீட்டுக்கு அம்மா அந்தப் புடவையை ஒரு நாளும் கொண்டுவந்ததில்லை. அங்கேயே துவைத்து, அங்கேயே காயப்போட்டு, வேறு புடவை மாற்றிக்கொண்டுதான் வருவாள். ‘எங்களுக்கு நோய் எதுவும் ஒட்டிவிடக் கூடாது என்று அம்மா அப்படிச் செய்தாள்’ என்று எழுதினேன்.

எல்லோரும் அந்தப் பத்தியைத்தான் சொன்னார்கள்.

மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இது போதும்மா,” என்றார். பிறகு, “அம்மாகிட்ட கேட்டியா?” என்றார்.

கேட்டார். அவர் மேல் தப்பில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

“ஒப்புதல் வாங்கிடறேன் மேடம். ஒரு போட்டோவும் எடுத்துட்டு வந்துடறேன்,” என்றேன்.

அடுத்த நாளே ராஜபாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். காலையில் போய் மதிய பஸ்ஸில் திரும்ப வேண்டும், மறுநாள் கடிதம் போக வேண்டும். போட்டோ என்றதும் அம்மா என் அத்தை மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டைக் கட்டிக்கொண்டு, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு நின்றாள்.

“அது வேணாம்மா. முகம் வராது. கை மட்டும்தான்.”

“கைக்கு எதுக்குடி போட்டோ?”

“அப்படித்தாம்மா இப்ப எடுப்பாங்க.”

கொதிக்கிற தண்ணீரிலிருந்து கத்தரி, கிண்ணம் எல்லாம் எடுத்து எடுத்து, அம்மாவின் வலது மணிக்கட்டில் பழைய தழும்பு ஒன்று உண்டு. அது தெரிகிற மாதிரி எடுத்தேன். பட்டுக் கரை தெரியாத மாதிரி எடுத்தேன். பிறகு படிவத்தை நீட்டினேன்.

“என்னது இது?”

“போட்டோவுக்கும்மா. ஆபீஸ்ல வாங்கணும்.”

அம்மா எட்டாவது வரை படித்தவள். பொறுமையாக எழுத்துக்கூட்டி வாசிப்பாள். கண்ணாடி உள்ளே இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கையெழுத்துப் போட்டாள். பேச்சியம்மாள், கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி.

கையெழுத்து இருக்கிறது. கோப்பில் போய்ப் பார்த்தாலும் இருக்கும். தேதியோடு இருக்கிறது.

அந்தக் கடிதம் போன பிறகு நடந்ததைச் சொன்னால் பெருமையடிப்பது போல இருக்கும். எங்கெங்கோ போனது. துபாயிலிருந்து ஒருவர் பேசினார். பள்ளிக்கூடம் ஒன்றில் காலைக் கூட்டத்தில் வாசித்தார்களாம். மிச்சம் பதினேழு கடிதங்களையும் அந்த ஒன்றே இழுத்துக்கொண்டு போனது. தங்குமிடத்துக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நான் பொய் சொல்லவில்லை, கட்டிடம் இன்றைக்கு நிற்கிறது. போன மாதம் போனேன். சாயல்குடியிலிருந்து வந்த ஒரு அம்மா பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுத் தானும் பக்கத்தில் கட்டிலில் படுத்திருந்தாள். கட்டிலில், அக்கா. அதை நான் பார்த்தேன். அதை நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொண்டால் கொஞ்ச நேரம் தாங்கும்.

வந்த செய்திகளை எல்லாம் டீ குடிக்கும்போது எடுத்து எடுத்துப் படிப்பேன். ‘உன் நேர்மைக்குத் தலை வணங்குகிறேன் சகோதரி.’ அதை எத்தனை முறை படித்திருப்பேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் பண்ணினாள்.

“மாரி, நல்லா எழுதியிருக்கியாம்ல.”

“யாரும்மா சொன்னா?”

“எல்லாரும் சொல்றாங்க.”

“அழுதாங்களாம்மா?”

“யாரு?”

“படிச்சவங்க.”

அம்மா, “சாப்பிட்டியா?” என்று கேட்டு வைத்துவிட்டாள். மறுநாள் நான் மேடத்திடம், அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம் மேடம், பேச்சே வரவில்லை என்று சொன்னேன். அப்படித்தான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒரு காம்பவுண்டு. எட்டு வீடு, ஒரே வாசல், ஒரே மொட்டை மாடி, மாடியில் எட்டு வீட்டுக்கும் பொதுவாக நான்கு கொடி. நான் கல்லூரிக்குப் போன வருடம்தான் அம்மா அந்த வீட்டுக்கு மாறினாள். நான் ஹாஸ்டல். லீவுக்குத்தான் போவேன். காம்பவுண்டில் அம்மாவை ‘நர்ஸம்மா’ என்று கூப்பிடுவார்கள். எனக்கு அது காதில் விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்களை மரியாதைக்கு அப்படிக் கூப்பிடுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். நான் சொன்ன அதே பொய் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றிருக்கிறது அக்கா. நான் அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துவிட்டு உள்ளே போய்ச் சோறு சாப்பிட்டிருக்கிறேன்.

முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். சேலை கேட்பாள் என்று நினைத்தேன். “பிரஷர் பார்க்கிற மெஷின் ஒண்ணு வாங்கிக் குடு. அமுக்கினா நம்பர் காட்டுமே, அது,” என்றாள். வாங்கிக் கொடுத்தேன். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் வரிசை நிற்கும். மூன்றாவது வீட்டுக் குருவம்மாள் அக்கா எப்போதும் முதல் ஆள். “நர்ஸம்மா, நேத்து கருவாடு தின்னுட்டேன், ஏறியிருக்கும், திட்டாதீங்க,” என்றுகொண்டே கையை நீட்டுவார். அம்மா பட்டையைச் சுற்றி, பொத்தானை அமுக்கி, நம்பரைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, “ஊறுகாய உள்ள எடுத்து வைங்க,” என்பாள். எட்டு வீட்டுக் கையும் அம்மா கைக்குள் வந்து போயிருக்கிறது. அதனால்தான்... அந்தப் போட்டோவில் முகமே வேண்டியிருக்கவில்லை. மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

வீட்டுக்காரம்மாவின் மருமகளுக்கு ஏதோ குடும்ப குரூப்பில் வந்ததாம். ‘கண்ணீரை வரவழைத்த கடிதம், கடைசி வரை படிக்கவும்.’ கடைசி வரை படித்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான் வீட்டுக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசலில் யாரும் இல்லை. மெஷின் அட்டைப்பெட்டிக்குள் போய் பீரோ மேல் இருந்தது.

“என்னம்மா, யாரும் வரலையா?”

“இல்ல. மெடிக்கல்ல போய்ப் பார்த்துக்கிறாங்க.”

“ஏன், மெஷின் ரிப்பேரா?”

அம்மா என்னைப் பார்த்தாள். கேலி பண்ணுகிறேனா என்று பார்த்தாள் போல. இல்லை என்று தெரிந்ததும், வெங்காயத்தை உரித்துக்கொண்டே சொன்னாள். குருவம்மாள் அக்கா வந்து, ‘ஆயாவா இருந்தா என்னக்கா, மெஷினு மெஷினுதான’ என்று ஆறுதல் சொல்லிவிட்டு, கையை மட்டும் நீட்டாமல் போய்விட்டாராம். வீட்டுக்காரம்மா, ‘எங்க மாமியாருக்குப் படுக்கையிலேயே எல்லாம் போகுது பேச்சி, ராத்திரிக்கு மட்டும் வந்து அள்ளிப் போடறியா, சும்மா வேணாம்’ என்று கேட்டாராம். அதுவரை ஏழு வருடம் ‘நர்ஸம்மா, நர்ஸம்மா’ என்றவர். ‘வாங்க’ போய் ‘வா’ வந்துவிட்டது. அம்மா இதையெல்லாம் கரண்ட் போனது, தண்ணீர் வந்தது என்கிற மாதிரிதான் சொன்னாள்.

நான் அப்போதும் என்ன சொன்னேன் தெரியுமா? “ஆயான்னா என்னம்மா கேவலமா? நீ எதுக்கு வெட்கப்படணும்? நான் அதைத்தானே எழுதியிருக்கேன்?”

“எனக்கு எதுக்குடி வெட்கம்? செய்யிற வேலைதான. நீ எழுதினது உன் வெட்கம்.”

“பின்ன?”

“இவங்களுக்கு நான் நர்ஸு.”

“பொய்தானேம்மா அது?”

“நான் ஒருத்தர்கிட்டயும் நர்ஸுன்னு சொன்னதில்ல. அவங்க சொன்னாங்க. நான் இல்லைன்னு சொல்லல.” வெங்காயத் தோலை ஒதுக்கினாள். “நோய் ஒட்டும்னுதான் புடவைய அங்க காயப்போட்டேன்னு எழுதியிருக்கியாம். எனக்கு என்ன தெரியும் அதெல்லாம்? இந்த நெறம் மாடியில காஞ்சா தெரிஞ்சுபோகும்னு காயப்போட்டேன். மழை நாள்லகூட ஈரத்த அங்கேயே விட்டுட்டு வருவேன். மறுநாள் ஈரத்தோடயே கட்டிக்கிட்டு நிப்பேன்.”

நான் எழுதிய பத்தி, அக்கா. பள்ளிக்கூடத்தில் வாசித்த பத்தி.

சாப்பாடு போடும்போது அம்மா கேட்டாள். அம்மா என்னிடம் எதையும் கேட்டதில்லை, மெஷினுக்கு அப்புறம் அதுதான்.

“மாரி, அது போன்லதான இருக்கு? பேப்பர்ல அச்சடிக்கலயே?”

“ஆமா.”

“அப்ப மாத்தலாம்ல? ஒரு வார்த்தைதான. ஆயான்னு இருக்கிற எடத்துல நர்ஸுன்னு போட்ரு. முன்னாடி தப்பா எழுதிட்டேன்னு சொல்லிடு.”

“பொய் எழுத முடியாதும்மா.”

சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். அம்மா குழம்புக் கரண்டியைச் சட்டியில் வைத்தாள்.

“காலேஜ்ல சொன்னியே.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அம்மா அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவளும் எத்தனை நாள்தான் வைத்திருப்பாள்?

“இந்த வீட்டுக்கு வந்தப்ப உன் காலேஜ் சிநேகிதி ஒருத்தி சாமான் தூக்க வந்தாளே, உயரமா, கண்ணாடி போட்டு?”

“ஷர்மிளா.”

“அவதான். வீட்டுக்காரம்மா வாடகை பேசையில, ‘ஆன்ட்டி நர்ஸுங்க, மாசாமாசம் சரியாக் குடுத்துருவாங்க’ன்னு சொன்னா. நீ உள்ள கட்டில மாட்டிக்கிட்டு இருந்த. நான் இல்லைன்னு சொல்லியிருப்பேன். சொன்னா, அந்தப் பிள்ளை முன்னாடி நீ பொய் சொன்னவளா நிப்ப. அதான் வாய மூடிக்கிட்டேன்.” கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். “அப்புறம் கூப்பிடக் கூப்பிட எனக்கும் பிடிச்சுப்போச்சு. அதையும் சொல்லணும்ல.”

என் பொய் கல்லூரி வாசலோடு முடிந்தது என்று எழுதியிருந்தேன். அது வேனில் சாமான்களோடு ஏறி ராஜபாளையம் வந்து, ஏழு வருடம் என் அம்மாவோடு குடியிருந்திருக்கிறது. நான் மதுரையில் உட்கார்ந்துகொண்டு உண்மையைச் சொல்லிப் பேர் வாங்கிவிட்டேன்.

மதுரைக்கு வந்ததும் நான் ஒன்றும் செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். இணையப் பக்கத்தைத் திருத்தும் உரிமை என்னிடம்தான். திறந்தேன். ஆயா என்று இருந்த இடத்தில் எல்லாம் நர்ஸ் என்று போட்டேன். படித்துப் பார்த்தேன். ‘என் அம்மா நர்ஸ். ஆனால் நான் கல்லூரியில் என் அம்மா நர்ஸ் என்று பொய் சொன்னேன்.’ சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. பழையபடி மாற்றிவிட்டேன். ஊர்ப் பெயரை மட்டும் எடுத்தேன். போட்டோவை எடுத்தேன். யாருக்கு உபயோகம்? அனுப்பப்பட்டது எல்லாம் அனுப்பப்பட்டுவிட்டது.

மேடத்திடம் சொன்னேனா? பாதி சொன்னேன். ‘அம்மாவுக்குக் கொஞ்சம் சங்கடம் மேடம்’ என்றேன். அவர் பதறிப்போய், “ஒப்புதல் வாங்கினியே ஈஸ்வரி? வாசிச்சுக் காட்டினே இல்ல?” என்று கேட்டார்.

“கையெழுத்து இருக்கு மேடம்,” என்றேன்.

அவர் கேட்டது அது இல்லை. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். தூங்கிய தவில்காரரை எழுப்பி வாசித்துக் காட்டியவள் நான். அம்மாவுக்கு ஆறு வரி வாசிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன் இல்லையா? அரை மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது, அக்கா. இந்த ரூட்டில் எப்போதும் இருக்கிறது. வாசித்தால் ‘எழுத்தையும்’ என்ற இடத்தில் அம்மா நிறுத்தி, ‘என்ன எழுத்து?’ என்று கேட்டிருப்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் வேண்டாம் என்பாளோ என்று... அப்படி நினைத்ததாக ஞாபகமில்லை. நினைக்கவில்லை என்றும் சத்தியம் பண்ண முடியவில்லை.

போன வாரம் மறுபடி போனேன். அம்மா வீட்டில் இல்லை, கதவு திறந்திருந்தது. மாடிக்குப் போனேன். நான்கு கொடியில் நடுக்கொடியில், ஆறு கஜமும் விரித்து, கத்திரிப்பூ நிறம், கறுப்புக் கரை. இரண்டு பக்கமும் கிளிப் போட்டு. பக்கத்தில் வீட்டுக்காரம்மாவின் நைட்டி, குருவம்மாள் அக்காவின் பாவாடை எல்லாம் காய்கிறது. நடுவில் அது. காற்றில் அப்படி எழும்பி எழும்பி அடங்குகிறது.

அம்மா ஜெயித்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒளித்ததை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு ஊர் பார்க்கக் கொடியில் போட்டுவிட்டாள், என் கடிதம்தான் அவளுக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்திருக்கிறது என்று நினைத்தேன். இந்த வருடமும் நிதி திரட்ட வேண்டும், தொடர்ச்சியாக ஏதாவது எழுது என்று மேடம் சொல்லிக்கொண்டிருந்தார். மனதுக்குள் முதல் வரிகூட வந்துவிட்டது. கை தானாகப் போனை எடுத்தது. வெயில் துணிக்குப் பின்னால் வருகிற மாதிரி நின்று, எடுத்தேன். நன்றாக வந்தது.

திரும்பினால் அம்மா படியேறி வந்து நிற்கிறாள். கையில் வாளி. இரண்டாவது புடவை, பிழிந்தது.

“அம்மா, இங்கயா காயப்போடற?”

“இனிமே அங்க காயப்போட்டா என்ன, இங்க காயப்போட்டா என்ன? இங்க வெயில் நல்லா அடிக்குது. சீக்கிரம் காஞ்சிரும்.”

அவ்வளவுதான். ஜெயித்தவள் பேச்சு மாதிரி இல்லை. காலி வீட்டை எதற்குப் பூட்ட வேண்டும் என்கிற மாதிரி இருந்தது. என் கையில் போனைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

“இதுக்கும் கையெழுத்துப் போடணுமா?” என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. நிஜமாகத்தான் கேட்டாள். ஆபீஸில் கேட்பார்களே, பிள்ளைக்கு வேலையில் ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்றுதான் கேட்டாள். ஈரக் கையை இடுப்பில் துடைத்துவிட்டு, பேனாவுக்குக் கையை நீட்டினாள்.

பையில் படிவம் இருந்தது. எப்போதும் இருக்கும். இப்போதும் இருக்கிறது.

அந்தப் படம் போனில்தான் இருக்கிறது. அழிக்கவில்லை. மேடத்துக்கு அனுப்பவும் இல்லை. இன்றைக்குப் போய் அம்மாவைக் கண்ணாடி போடச் சொல்லி, ஆறு வரியையும் வாசித்துக் காட்டி, அழிக்கட்டுமா வைக்கட்டுமா என்று கேட்கலாம் என்று கிளம்பினேன். கேட்பேனா என்று தெரியவில்லை. வேண்டாம் அக்கா, எட்டிப் பார்க்காதீர்கள், காட்ட மாட்டேன். அம்மாவைக் கேட்காமல் காட்டக் கூடாது. அதில் இப்போது கவனமாக இருக்கிறேன்.

அட, கிருஷ்ணன்கோவில் வந்துவிட்டதே. இவ்வளவு நேரமா பேசிக்கொண்டிருந்தேன்?

அக்கா, நீங்கள் தென்காசிதானே? ராஜபாளையத்தில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லையே?